தொண்ணூற்றொரு வயது மாணவர்

"இந்த வயதிலை இனி என்னத்தைப் படிக்கிறது, சுவாமி? பிள்ளைகள் படிக்கட்டும்."

கிராமங்களில் வளர்ந்தோருக்கான வகுப்பு ஒன்றையோ, கமக்காரருக்கான பயிற்சி ஒன்றையோ ஒழுங்கு செய்யும் எவரும் அடிக்கடி கேட்கும் பதில் இது. இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். படிப்பு என்பது பாடசாலையோடு தொடங்கிப் பரீட்சையோடு முடிவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். பரீட்சையில் சித்தியடைந்தவன் படித்தவன், தவறியவன் படிக்காதவன் என்று ஊரையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தவறியவன் அதன் பின்னர் எதையும் கேட்பதில்லை. சித்தியடைந்தவனுக்கோ இனிக் கேட்க வேண்டிய தேவை இல்லை.

இந்த எண்ணத்தோடு வாழ்ந்துவரும் நமக்கு, பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த ஓர் ஏழை ஆசிரியரின் வாழ்க்கை நல்லதொரு மருந்தாகும். அவரது பெயர் ழான் ஹென்றி ஃபாபர். 1823 ஆம் ஆண்டு டிசெம்பர் 21 ஆம் திகதி பிறந்து, 1915 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 11 ஆம் திகதி மறைந்தவர். பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து அவர் எழுதிய பத்துப் பாக நூல் இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றது. அவர் கண்டுபிடித்தவை பல. ஆயினும், அவர் எப்படிக் கற்றார், யாரிடமிருந்து கற்றார் என்பதே நமக்கு அதிகம் பயன்படும்.

சூரியனைப் பார்ப்பது வாயாலா, கண்ணாலா?

ஃபாபர் பிறந்தது சென் லெயோன் என்ற மலைக் கிராமத்தில். தம்பி பிறந்ததும், வீட்டுச் சுமையைக் குறைப்பதற்காகச் சிறுவனைப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். மாடும் ஆடும் வளர்த்து, குளிர்ந்த கரடுமுரடான நிலத்தில் தானியம் விதைத்து வாழ்ந்த குடும்பம் அது. பாட்டனார் புத்தகம் தொட்டறியாதவர். குளிர்கால இரவுகளில் பாட்டி நூல் நூற்றபடியே ஓநாய்க் கதைகள் சொல்லுவார். தமது கதை சொல்லும் ஆசை அந்த அடுப்படியில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று முதுமையில் அவர் நினைவுகூருகின்றார்.

ஐந்து, ஆறு வயதில் அவர் செய்த முதலாவது "ஆராய்ச்சி" இங்கேதான் நடந்தது. ஒரு நாள் வெயிலில் நின்ற சிறுவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஒளியை நான் வாயால் அனுபவிக்கிறேனா, கண்ணாலா? வாயைத் திறந்து கண்ணை மூடினான், ஒளி மறைந்தது. கண்ணைத் திறந்து வாயை மூடினான், ஒளி வந்தது. திரும்பவும் செய்தான், அதே முடிவு. சூரியனைக் கண்ணால்தான் காண்கிறோம் என்று உறுதியாயிற்று. அன்றிரவு அதை வீட்டாரிடம் அறிவித்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாமும் சிரிப்போம். எனினும், ஒன்றை மாற்றி, மற்றதை மாற்றாமல் வைத்து, முடிவைத் திரும்பவும் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி முறையின் சாரம் முழுவதும் அந்தச் சிறுவனிடம் இருந்தது.

பின்னர் பெற்றோரிடம் திரும்பியபின், குளத்தில் தாராக்குஞ்சுகளை மேய்க்க அவனை அனுப்பினார்கள். குஞ்சுகள் சேற்றைக் கிளற, இவன் பளபளக்கும் கற்களையும் நீலநிற வண்டையும் சட்டைப்பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தான். தகப்பனார் ஏசினார். பை கிழிந்துபோனதைக் கண்டு தாயார் கவலைப்பட்டார். எல்லாவற்றையும் வாசலில் கொட்டச் சொன்னார்கள். இதை எழுதும்போது ஃபாபர் பெற்றோரைக் குறை கூறவில்லை. அன்றாட அப்பத்துக்கே போராடியவர்களுக்கு வண்டு ஏது, கல் ஏது என்று புரிந்துகொள்கிறார். வறுமை பிள்ளையின் வயிற்றை மட்டும் காயப்போடுவதில்லை, அதன் கேள்வியையும் சேர்த்துக் காயப்போடுகின்றது. நம் கிராமங்களில் இது இன்றும் நாளாந்தம் நடப்பதுதான்.

அதே தகப்பனார்தான் ஒருமுறை பட்டணம் போனபோது, மிருகங்களின் படங்களோடு எழுத்துக்கள் அச்சிட்ட வர்ணத்தாள் ஒன்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கி வந்தார். பாடசாலையில் மாதக்கணக்காக ஏறாத எழுத்துக்கள், அந்த மிருகங்களின் உதவியால் சில நாட்களில் மனதில் ஏறிவிட்டன. பாடசாலை என்பதும் ஒரே அறைதான். ஆசிரியரின் சமையலறையும் அதுவே. கோழிக்குஞ்சுகளும் பன்றிக்குட்டிகளும் இடையிடையே உள்ளே வந்து போகும். ஆசிரியரே ஊர் நாவிதர், கோவில் மணி அடிப்பவர், பாடகர். வசதியான கட்டடம் வந்த பிறகுதான் கல்வி என்று காத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

எலுமிச்சம்பழம் விற்ற மாணவன்

தகப்பனார் ஊர் ஊராகச் சென்று தேநீர்ச்சாலை போன்ற சிறு கடைகள் நடத்தினார். ஒன்றும் கைகொடுக்கவில்லை. பத்து வயதில் ரோடே நகரத்துக் கல்லூரியில் சேர்ந்த ஃபாபர், அங்குள்ள சிற்றாலயத்தில் பூசைக்கு உதவி செய்ததற்குப் பதிலாகக் கட்டணமின்றிப் படித்தார். அதன் பின்னர் குடும்பம் சிதறியது. பதினைந்து, பதினாறு வயதில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். புகையிரதப் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். ஒரு நாள் கையிலிருந்த சொற்ப காசுக்குச் சாப்பாடு வாங்காமல் ஒரு கவிதை நூலை வாங்கினார்.

இந்நிலையில் அவிஞ்ஞோன் நகரத்து ஆசிரியர் கலாசாலைக்கான புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. எழுதினார், முதலாவதாகத் தேறினார். 1842 இல், பத்தொன்பது வயதும் நிரம்பாத நிலையில், கார்ப்பந்திராஸ் என்ற ஊரில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரானார். வருடச் சம்பளம் 700 பிராங்கு. அதுவும் ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை. 1844 இல் திருமணம் செய்துகொண்டார்.

ஆசிரியர் மாணவரானார்

இங்கேதான் அவரது உண்மையான கல்வி ஆரம்பித்தது. கற்பித்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள்.

முதலாவதாக, அவரது மாணவர்கள். நில அளவை படிப்பிக்கப் பிள்ளைகளை வெளியே தரிசு நிலத்துக்கு அழைத்துச் செல்வார். கம்பு நடப்போன பையன் நடுவழியில் குந்தியிருந்து எதையோ தேடுவான். அளவுச் சங்கிலி பிடித்தவன் கல்லைப் புரட்டுவான். கிட்டப் போய்ப் பார்த்தால், கல்லில் மண்கூடு கட்டும் ஒருவகைக் காட்டுத் தேனீயின் கூட்டை உடைத்து, வைக்கோல் துரும்பால் தேன் உறிஞ்சுகின்றார்கள்! வேறோர் ஆசிரியராயின் பிரம்பை எடுத்திருப்பார். ஃபாபர் தாமும் ஒரு துரும்பை எடுத்துக்கொண்டார். அந்தத் தேனீ எது என்று அறிய ஆவல் கொண்டு, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பூச்சிகள் பற்றிய ஒரு நூலை வாங்கினார். ஆவலோடு வாசித்து முடித்தார்.

இரண்டாவதாக, ஓர் இளைஞன். பரீட்சை ஒன்றுக்காக அட்சரகணிதம் சொல்லித்தர முடியுமா என்று அவன் வந்து கேட்டான். ஃபாபருக்கு அட்சரகணிதத்தில் ஒரு வரியும் தெரியாது. ஆயினும் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். சக ஆசிரியர் ஒருவரின் அறையிலிருந்து புத்தகத்தை எடுத்து, இரவிரவாகத் தாமே படித்து, படித்ததைப் படிப்பித்தார். மாணவனுக்குப் புரியாத இடத்தில் தமக்கும் புரியவில்லை என்பதைக் கண்டுகொண்டார். இருவரும் சேர்ந்து வழி தேடினார்கள். இப்படித் தொடங்கிய கணிதத்தில் சில ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகப் பட்டமே பெற்றுவிட்டார். ஒன்றைக் கற்பதற்குச் சிறந்த வழி அதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பதே என்பது அவரது வாழ்நாள் அனுபவம்.

மூன்றாவதாக, ஒரு விருந்தாளி. 1849 இல் கோர்சிக்காத் தீவின் பாடசாலை ஒன்றில் பௌதிக ஆசிரியராக அவர் நியமனம் பெற்றார். அங்கு தாவரங்களைத் தேடி வந்த மொக்கான் தாந்தோன் என்ற பேராசிரியர் அவரது வீட்டில் தங்கினார். ஒரு நாள் அவர் தையற்பெட்டியிலிருந்து ஊசிகளையும் கத்தரிக்கோலையும் எடுத்து, தண்ணீர் நிறைந்த பீங்கான் கோப்பையில் ஒரு நத்தையை வைத்து, அதன் உட்பாகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். தாம் வாழ்நாளில் பெற்ற ஒரேயொரு உயிரியல் பாடம் இதுதான் என்று ஃபாபர் எழுதுகின்றார். அதன் பின்னர் அவருக்கு வேண்டிய கருவிகளை அவரே ஊசியாலும் கண்ணாடிக் குவளையாலும் கம்பிவலையாலும் செய்துகொண்டார்.

குளவியும் கூன்வண்டும்

1853 இல் அவிஞ்ஞோன் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். அக்காலத்தில் லெயோன் துய்ஃபூர் என்ற புகழ்பெற்ற அறிஞரின் கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒருவகைக் குளவி தன் குஞ்சுகளுக்காக வண்டுகளைப் பிடித்து மண்ணுக்குள் சேமிக்கின்றது. அந்த வண்டுகள் வாரக்கணக்கில் அழுகுவதில்லை. குளவியின் விடத்தில் அழுகலைத் தடுக்கும் மருந்து இருக்கின்றது என்பது அறிஞரின் விளக்கம்.

ஃபாபர் அதை நம்பிவிட்டுப் பக்கத்தைப் புரட்டவில்லை. மணற்சரிவுகளில் மணிக்கணக்கில் குந்தியிருந்து, தாமே பார்த்தார். குளவி சேமித்த கூன்வண்டுகள் சாகவில்லை, உயிரோடுதான் இருந்தன. குளவி தன் கொடுக்கை வண்டின் நரம்பு முடிச்சில் செலுத்தி அசையாமல் செய்துவிடுகின்றது. உயிர் இருப்பதால் உடல் அழுகுவதில்லை. அசைவு இல்லாததால் குஞ்சுக்கு ஆபத்தில்லை. 1855 இல் இதை வெளியிட்டார். மறுவருடம் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசளித்தது. ஒரு மாகாணக் கல்லூரி ஆசிரியர், ஒரு பெரியவரின் முடிவைத் தம் கண்ணை நம்பித் திருத்தினார். பின்னாளில் டார்வின் அவரை ஒப்பற்ற அவதானி என்று தம் நூலில் புகழ்ந்தார்.

1865 இல் இன்னொரு பெரியவர் அவர் வீட்டுக்கு வந்தார். பட்டுப்புழுக்களைக் கொன்றுகொண்டிருந்த நோயை ஆராய அரசாங்கம் அனுப்பிய லூயி பாஸ்ச்சர்தான் அவர். ஒரு கூட்டைக் கையிலெடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்து, "உள்ளே ஏதோ இருக்கிறதே?" என்று வியப்போடு கேட்டார். பட்டுத்தொழிலைக் காப்பாற்ற வந்தவருக்குக் கூட்டுக்குள் கூட்டுப்புழு இருப்பதே தெரியாது! ஃபாபர் முதலில் திகைத்தார். பின்னர் வியந்தார். தெரியாது என்பதை ஒளிக்காமல் அடிப்படையிலிருந்து கேட்டவரே சில ஆண்டுகளுக்குள் நோயைத் தடுக்கும் வழியைக் கண்டார். "தெரியாது" என்ற சொல் வெட்கத்துக்குரியதன்று, அது வேலையின் ஆரம்பம் என்ற பாடத்தை அன்று ஃபாபர் படித்துக்கொண்டார். அதே பாஸ்ச்சர் உங்கள் வைன் நிலவறையைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அவரால் காட்ட முடிந்தது ஒரு பழைய கதிரையின்மேல் இருந்த ஒரேயொரு பெரிய போத்தலைத்தான்.

இழப்புகளின் காலம்

சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. எனவே மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்புச் சாயத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் முயன்று கண்டுபிடித்தார். எமது மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் ஒல்லாந்தர் காலத்தில் தோண்டப்பட்ட சாயவேரில் உள்ள அதே சாயப்பொருள் இது. தொழிற்சாலை தொடங்கும் தறுவாயில், 1868 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் இருவர் அதைச் செயற்கையாக உருவாக்கிவிட்டனர். மலிவான செயற்கைச் சாயம் வர, மஞ்சிட்டி பயிரிட்டவர்களும் ஃபாபரும் ஒன்றாகவே நொடித்தனர்.

அதே காலத்தில் கல்வி அமைச்சர் விக்ரர் துய்ருய் அவர்களின் ஊக்கத்தினால், ஃபாபர் வளர்ந்தோருக்கான மாலை வகுப்புக்களை ஆரம்பித்தார். கமக்காரரும் தொழிலாளரும் பெண்களும் வந்தனர். பூ எவ்வாறு காயாகின்றது என்பதை இளம் பெண்களுக்கும் விளக்கினார். இதுவே குற்றமாயிற்று. பெண்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று ஊரிலே எதிர்ப்பு எழுந்தது. பக்தர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களே அதில் முன்னின்றனர். பிரசங்க மேடையிலிருந்தும் அவருக்கெதிராகக் குரல் எழுந்தது. குருவாகிய எனக்கு இதை எழுதுவது மகிழ்ச்சியல்ல. ஆயினும் மறைக்கக்கூடாது. அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரான வயோதிபச் சகோதரிகள் இருவர், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யுமாறு அறிவித்தல் அனுப்பினர். 1870 இல் மனைவி மக்களோடு வீடின்றி நின்றார்.

அவ்வேளையில் உதவியவர் அவிஞ்ஞோனில் வாழ்ந்த ஆங்கில மெய்யியலாளர் ஜோன் ஸ்ருவர்ட் மில். தாவரங்களைத் தேடி இருவரும் ஒன்றாக நடப்பவர்கள். 3000 பிராங்கை எந்த எழுத்துமின்றிக் கடனாகக் கொடுத்தார். ஃபாபர் ஒறாஞ் நகருக்குக் குடிபெயர்ந்து, கல்லூரிப் பதவியையும் கைவிட்டு, பாடநூல்கள் எழுதியே வாழ்ந்தார். கடனையும் முழுமையாகத் தீர்த்தார். பூச்சி, செடி, இரசாயனம், வானியல், வீட்டுப் பொருளியல் என்று டசின் கணக்கில் சிறுவர் நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில் போல் மாமா என்பவர் ஜூல், எமில், கிளேர் என்ற பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லுகின்றார். அந்தப் பெயர்கள் மூன்றும் அவரது சொந்தப் பிள்ளைகளுடையவை.

வீடே ஆய்வுகூடம்

ஃபாபரின் ஆய்வுகூடத்தில் சம்பளம் பெற்ற உதவியாளர்கள் இல்லை. மனைவி, மக்கள், தோட்ட வேலை செய்த முன்னாள் போர்வீரர் ஃபவியே, அயலிலுள்ள சிறுவர்கள் ஆகியோரே உதவியாளர்கள். காட்டுத் தேனீ வீடு திரும்புமா என்று அறிய, தேனீக்களைப் பிடித்து, முதுகில் வெள்ளை அடையாளமிட்டு, நான்கு கிலோமீற்றர் தூரத்தில் கொண்டுபோய் விட்டார். வீட்டில் கூட்டின் முன்னால் மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்திருந்தவர் மகள் அக்லாயே. தகப்பனார் வாசலுக்கு வருமுன்பே, முகம் சிவக்க ஓடிவந்து, இரண்டு தேனீக்கள் மகரந்தச் சுமையோடு வந்துவிட்ட செய்தியைச் சொன்னார். விட்டதிலிருந்து முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. இந்த வழியறியும் ஆற்றலை எப்படிச் சோதிக்கலாம் என்று டார்வின் கடிதமூலம் ஆலோசனை கூறினார். பரிணாமக் கொள்கையை ஃபாபர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர். சேர்ந்து கேள்வி கேட்டனர்.

உதவியாளர்களுள் மிகச் சிறந்தவன் மகன் ஜூல். பூக்களையும் பூச்சிகளையும் தகப்பனைப் போலவே நேசித்தவன். 1877 இல், பதினாறாவது வயதில் இறந்தான். தகப்பனார் நோயில் விழுந்து மரணத்தை எட்டிப்பார்த்து மீண்டார். பின்னர் தமது பெருநூலின் முதற்பாகத்தை மகனின் நினைவோடு முடித்தார். மூன்று குளவி இனங்களுக்கு ஜூலின் பெயரையே வைத்தார். துயரம் அவரது வேலையை நிறுத்தவில்லை. எஞ்சிய வேலை முழுவதும் மகனோடு பேசுவது போலவே நடந்தது.

1879 இல், ஐம்பத்தைந்து வயதில், செரிஞ்ஞான் என்ற கிராமத்தில் ஒரு ஹெக்டயர் அளவான நிலத்தோடு ஒரு வீட்டை வாங்கினார். கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு. அந்தப் பகுதியார் தங்கள் பேச்சுவழக்கில் அப்படிப்பட்ட நிலத்தை "ஆர்மாஸ்" என்பார்கள். எதற்கும் உதவாத நிலம் என்று பிறர் ஒதுக்கியது குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் சொர்க்கம். நாற்பது ஆண்டுகளாகக் கனவு கண்ட ஆய்வுகூடம் அதுவே. 1879 முதல் 1907 வரை அங்கிருந்துதான் "பூச்சியியல் நினைவுகள்" என்ற பத்துப் பாகங்களும் வெளிவந்தன. முதல் மனைவி 1885 இல் இறக்க, 1887 இல் மறுமணம் செய்தார். மீண்டும் மூன்று பிள்ளைகள். அறுபத்தைந்து வயதுத் தகப்பனுக்குப் புதிய தலைமுறை உதவியாளர்கள் கிடைத்தனர்.

நாற்பது வருடக் கேள்வி

சாணியை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும் வண்டை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த உருண்டைக்குள் முட்டை இருக்கின்றது என்பது எகிப்தியர் காலம் முதல் வந்த நம்பிக்கை. ஃபாபர் நூற்றுக்கணக்கான உருண்டைகளைத் திறந்து பார்த்தார், முட்டை இல்லை. அது வண்டின் சாப்பாடு மட்டுமே. அப்படியானால் முட்டை எங்கே? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தக் கேள்வி தீராமல் இருந்தது. முதற்பாகத்தில் தெரிந்ததை எழுதி, தெரியாததை அப்படியே விட்டுவைத்தார்.

விடையைக் கொண்டு வந்தவன் ஆடு மேய்க்கும் ஓர் இளைஞன். ஓய்வு நேரத்தில் வண்டுகளைக் கவனிக்கும்படி ஃபாபர் அவனிடம் சொல்லிவைத்திருந்தார். ஒரு நாள், நிலத்துக்குள்ளிருந்து கிண்டியெடுத்த ஒரு விசித்திரப் பொருளோடு வந்தான். பேரிக்காய் வடிவத்தில், கடைந்தெடுத்தது போல அழகாக இருந்தது. அதன் ஒடுங்கிய கழுத்துப் பக்கத்தில் முட்டை இருந்தது. தாய் வண்டு நிலத்துக்கடியில் தனியாகச் செய்யும் தொட்டில் அது. உருண்ட பகுதி உணவைக் காயவிடாமல் காக்கின்றது. மெல்லிய கழுத்து முட்டைக்குக் காற்றைக் கொடுக்கின்றது. 1897 இல் வெளிவந்த ஐந்தாம் பாகத்தில், எழுபத்துமூன்று வயதில், இதை உலகுக்கு அறிவித்தார். அந்த இடையனின் பங்கையும் மறைக்காமல் எழுதினார்.

இதிலே இரண்டு பேரைப் பாராட்ட வேண்டும். நாற்பது ஆண்டு கேள்வியைக் கைவிடாத முதியவரை. ஒரு கிழவர் சொன்னதைப் பெரிதாக எடுத்து, மண்ணைக் கிண்டிப் பார்த்த இளைஞனை. அவனிடம் கேட்கலாம் என்று படித்தவருக்குத் தோன்றியிராவிட்டால் விடை இன்னும் நிலத்துக்கடியிலேயே கிடந்திருக்கும்.

இரவில் வந்த நாற்பது விருந்தாளிகள்

ஒரு மே மாதம் ஆறாம் திகதி காலை, கூட்டிலிருந்து வெளிவந்த பெரிய பெண் அந்துப்பூச்சி ஒன்றைக் கம்பிவலைக்குள் மூடி வைத்தார். இரவு ஒன்பது மணி. அரைகுறை உடுப்போடு சின்ன மகன் போல், "கெதியாய் வாங்கோ அப்பா, குருவியளவு பூச்சிகள் அறை நிறைய!" என்ற பாணியில் கத்திக்கொண்டு ஓடித் திரிந்தான். மெழுகுவர்த்தியோடு போய்ப் பார்த்தால், நாற்பதளவில் ஆண் அந்துப்பூச்சிகள் இருளில் எங்கிருந்தோ வந்து கூட்டைச் சுற்றிப் பறந்தன. எட்டு இரவுகளில் வந்தவை நூற்றைம்பது.

எப்படி அறிந்து வந்தன? பல ஆண்டுகள் சோதித்தார். காற்றுப் புகாத பெட்டிக்குள் பெண்ணை வைத்தால் ஒன்றும் வரவில்லை. பெண் இருந்துவிட்டுப் போன கிளையைத் தேடி ஆண்கள் வந்தன. கடும் வாசனைப் பொருட்களைச் சுற்றிவர வைத்தும் அவை வழிதவறவில்லை. மனித மூக்குக்கு எட்டாத ஏதோ ஒன்று பரவுகின்றது என்ற அளவில் அவர் நின்றார். 1959 இல் ஜேர்மனியரான அடொல்ஃப் புற்றெனான்ட் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று "பெரோமோன்" என்று அழைக்கப்படும் இத்தகைய பொருட்களைப் பொறியில் வைத்தே தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டையும் சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் அந்துப்பூச்சியையும் பிடிக்கின்றோம். ஒரு சிறுவனின் கூக்குரலுக்கும் இன்று தோட்டத்தில் தொங்கும் பொறிக்கும் இடையில் நீண்ட தொடர்பு இருக்கின்றது.

அவர் பிழைத்த இடங்கள்

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. சில்வண்டுக்குக் காது கேட்குமா என்று அறிய, ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் இரண்டு பீரங்கிக் குழாய்களைக் கொண்டுவந்து, மரத்தின் கீழே வெடிக்க வைத்தார். சில்வண்டுகள் பாட்டை நிறுத்தவில்லை. எனவே அவை செவிடு என்று எண்ணினார். சில்வண்டுக்குச் செவிப்புலன் உண்டு என்பதும், அது தன் இனத்தின் ஓசைக்கே சிறப்பாக இசைந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது. குளவியின் கொடுக்கு ஒருபோதும் தவறாது என்றும் எழுதினார். 1898 இல் அமெரிக்காவைச் சேர்ந்த பெக்கம் தம்பதியினர் தமது கிராமத்துத் தோட்டத்தில் பார்த்து, குளவிக்குக் குளவி வேறுபாடும் தவறும் உண்டு என்று காட்டினர். அவர்கள் செய்தது ஃபாபர் துய்ஃபூருக்குச் செய்ததைத்தான். பெரியவர் சொன்னதை மதித்து, பின்னர் தாமே குந்தியிருந்து பார்த்தனர்.

அவரே கண்ட இன்னொரு காட்சியும் இங்கு பொருந்தும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லும் ஒருவகை மயிர்க்கொட்டிகள், 1896 சனவரியில் ஒரு பெரிய பூச்சாடியின் விளிம்பில் ஏறின. முன்னது பின்னதைத் தொட, வட்டம் மூடிக்கொண்டது. ஏழு நாட்கள், பசியிலும் குளிரிலும், முன்னால் போவதைத் தொடர்ந்து அவை சுற்றிக்கொண்டே இருந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட சுற்றுக்கள்! சோர்ந்து வழிவிலகிய சிலவற்றாலேயே இறுதியில் மற்றவையும் தப்பின.

முதுமையும் புகழும்

புகழ் தாமதமாகவே வந்தது. நூல்கள் அதிகம் விலைபோகாத முதுமையில் வறுமை மீண்டும் எட்டிப்பார்த்தது. 1910 ஏப்ரல் 3 ஆம் திகதி நண்பர்கள் செரிஞ்ஞானில் விழா எடுத்தபோதுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 1913 இல் குடியரசுத் தலைவர் புவங்காரே நேரில் வந்து மரியாதை செய்தார். 1922 முதல் யப்பானிய மொழியில் வெளிவந்த அவரது நூல்கள் அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாசிப்பவை. ஆர்மாஸ் இன்று பிரெஞ்சுத் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றது.

நமது முற்றத்தில்

இது எங்கோ ஒரு நாட்டுக் கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் கத்தரித் தோட்டத்தில் பறக்கும் குளவி, புழுவைத் தூக்கிச் செல்லும் நண்பனா, எதிரியா என்று தெரியாமல் மருந்து அடிக்கும் கமக்காரர் நம்மிடையே அதிகம். 2021 இல் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே அறிவித்தலில் தடைசெய்த அரசாங்கம், அதே ஆண்டு நவம்பரிலேயே அதைத் தளர்த்த நேர்ந்தது. அதற்குள் விளைச்சல் வீழ்ந்து பல குடும்பங்கள் நொந்துவிட்டன. மருந்தை ஒரே நாளில் நிறுத்திவிடலாம். அதற்குப் பதிலாக வேண்டியிருக்கும் அறிவை ஒரே நாளில் உண்டாக்க முடியாது. அது ஒவ்வொரு வயலிலும், ஒவ்வொரு போகத்திலும், பார்த்துப் பார்த்துச் சேர வேண்டியது.

அதற்கு அதிகம் செலவில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். எந்தத் திகதியில் எந்தப் பூச்சி வந்தது, எதைத் தின்றது, எது அதைத் தின்றது என்று பிள்ளை எழுதட்டும். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும். பிள்ளை சட்டைப்பையில் வண்டோடு வந்தால், கொட்டு என்று சொல்லுமுன் எங்கே கண்டாய் என்று ஒரு கேள்வி கேட்போம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, இருவருமாகத் தேடுவோம். ஆடு மேய்ப்பவரிடமும் கடலுக்குப் போகிறவரிடமும் ஆசிரியர் போய்க் கேட்கட்டும்.

ஃபாபரைப் போலப் பத்துப் பாகம் எழுத எல்லோராலும் இயலாது. ஆனால் தீராத ஒரு கேள்வியை மனதில் வைத்திருக்க எந்த வயதிலும், எந்தக் குடிசையிலும் இயலும். அப்படி ஒன்றை வைத்திருப்பவர், ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவராயினும், இன்னும் மாணவரே.